ஆம் என்று எழுதிய பெண்

அவள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறையில் வேலை பார்த்தாள். புற்றுநோய்ப் பதிவேட்டு எழுத்தர். மேலிருந்து வரும் கோப்புகளைப் படித்து வயது, பாலினம், நோய் வந்த உறுப்பு, புகைப்பவரா இல்லையா என்று கணினியில் ஏற்றுவாள். பதினொரு வருடமாக நுரையீரல் புற்றில் ஆண்களின் எண்ணிக்கை மெல்ல இறங்கியதையும் பெண்களின் எண்ணிக்கை ஏறியதையும் அவள் கண்ணாலேயே பார்த்தாள். அந்தப் பெண்களில் பலர் சிகரெட்டைக் கையால்கூடத் தொடாதவர்கள்.

வீட்டில் கணவனின் அக்கா இருந்தார். விதவையாகித் தம்பியிடம் வந்து இருபது வருடம். தம்பிக்குக் காபி இல்லாமல் விடியும், சிகரெட் இல்லாமல் விடியாது. சாலை இரைச்சலுக்காகச் சன்னலை அடைத்துவிட்டு அவன் ஊதித் தள்ளும் அறையில்தான் அக்காவின் தையல் மெஷினும் கிடந்தது. மூன்று மாதமாக அக்காவுக்கு இருமல் விடவில்லை.

மருத்துவமனையில் நுரையீரல் புற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க இலவச ஸ்கேன் திட்டம் ஒன்று இருந்தது. இருபது வருடம் புகைத்தவர்களுக்கு மட்டும். தம்பி போனான். சுத்தமாக இருக்கிறது என்றார்கள். படியிறங்கியதும் பற்றவைத்தான்.

அக்காவை அவள் இரண்டு முறை டாக்டரிடம் கூட்டிப்போனாள். புகைப்பழக்கம் இல்லை என்றதும் அவர் ஒவ்வாமை என்று மருந்து எழுதி அனுப்பினார். இப்படி மருந்து குடித்துக் காத்திருந்தவர்களின் கோப்பு நோயின் எந்த நிலையில் கீழே வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“அக்கா, புகைப்பேன்னு சொல்லிடுங்க.”

இந்த வயதில் இந்தப் பேரையும் வாங்கணுமா என்று அக்கா சிரித்தார். பிறகு, இருபது வருடமாகப் புகைப்பதாக ஸ்கேன் திட்டப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து அவள் போட்டாள்.

வலது நுரையீரலில் கட்டி இருந்தது. நல்லவேளை, அறுத்தெடுக்கும் அளவுதான். அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் வார்டில் நர்ஸ்கள் தினமும் புத்திமதி சொன்னார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வராந்தாவில் குசுகுசுத்தார்கள். கடைசியில் தம்பியே கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டான்: “எனக்குத் தெரியாம எப்பக்கா பிடிச்ச?”

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து கஞ்சியை ஊற்றினாள். உண்மை தெரிந்தால் அவன் ஊரைக் கூட்டிவிடுவான். பொய்ப் படிவத்தில் சாட்சி போட்ட ஊழியருக்கு வேலை இருக்காது. வீட்டில் நிலையான சம்பளம் அவளுடையது ஒன்றுதான்.

ஒரு வாரத்தில் அக்காவின் கோப்பு அவள் மேசைக்கே வந்தது. அன்று மாலை அக்காவிடம் கேட்டாள், புகைப்பவரா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று மாற்றிவிடட்டுமா என்று.

“மாத்தினா உன் வேலை?”

“போயிடும்.”

“அப்ப இருக்கறதையே எழுது. பத்தவெச்சவன் அவன், குடிச்சவ நான். இதுல பொய் எங்க இருக்கு?”

மறுநாள் அவள் ‘ஆம்’ என்று பதிந்தாள்.

ஆண்டுக் கூட்டத்தில் தலைமை மருத்துவர் வரைபடம் போட்டுக் காட்டினார். புகைக்கும் பெண்கள் இந்த வருடம் கூடியிருக்கிறார்கள், திட்டம் சரியான ஆட்களைத்தான் பிடிக்கிறது, புகைப்பவர்களுக்கு மட்டும் என்ற விதியைத் தளர்த்த வேண்டியதில்லை என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள்.

கூட்டக் குறிப்பு எடுப்பதும் அவள் வேலைதான். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் குனிந்து, அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதினாள்.