நாடாளுமன்றத்தின் குறுக்கே ஒரு பாதை

பாரிசில், ரூ பெர்தொனே தெருவின் நகைக்கடைகளுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் சஞ்சீவன் ஒரு நாட்டின் தலைநகரத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் வெள்ளை மரத்தில், ஒரு மேசையின் அளவில். பழைய தலைநகரைக் கடல் அரிக்கிறதென்று ஆப்பிரிக்க அரசொன்று நாட்டின் உட்புற வெட்டவெளியில் புதியதை எழுப்பப் புறப்பட்டிருந்தது. திட்டம் பாரிஸ் நிறுவனமொன்றின் கையில். அங்கே வேலை பார்த்த அஜந்தா வரைந்து அனுப்புவாள். சஞ்சீவன் அதற்கு மாதிரி செய்வான்.

நாடாளுமன்றத்தைப் பசையிட்டு ஒட்டி வைத்த மறுநாள் காலை, சதுக்கத்தில் படிந்திருந்த மரத்தூளில் மெல்லிய தடமொன்று வளைந்து கிடந்தது. எலியாக்கும் என்று துடைத்துவிட்டான். அடுத்த காலையும் அதே தடம், அதே வளைவு. மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியால் மூடினான். தடம் கண்ணாடிக்குள்ளும் வந்தது. நாடாளுமன்றச் சுவரில் முட்டி, மறுபக்கச் சுவரிலிருந்து தொடர்ந்தது.

அஜந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் குளிரங்கியைக் கழற்றாமலே குனிந்து பார்த்தாள்.

“இந்தப் பாதையை ஆர் உமக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. தானாய் வருது.”

“நான் அந்தக் காணியிலை போய் நிண்டனான். சனம் சவம் கொண்டுபோற பாதை இது. அவை புதைக்கிற சவக்காலைக்கு மேலைதான் நாடாளுமன்றம் வருது. வெறுங்காணி எண்டு எங்கடை நிறுவனத்திலை சொன்னவை. நான் மறுத்துச் சொல்லியும் கேக்கேல்லை.”

வெள்ளிக்கிழமை அந்த நாட்டு அதிகாரிகள் மாதிரியைப் பார்க்க வந்தார்கள். சஞ்சீவன் மேசையைத் துடைத்து, கண்ணாடியைத் தூக்கி வைத்திருந்தான். நரைத்த தலையோடு மூத்தவர் ஒருவர் மேசையின் முனையில் நின்று நாடாளுமன்றத்தின் உயரத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். நல்ல பகல் வெளிச்சம்.

எல்லோரும் பார்த்திருக்க, வெறும் மரப்பரப்பில் தூள் மெல்லச் சேர்ந்தது. நடுவே தடம் விழுந்தது. பலர் சேர்ந்து நடக்கும் வேகத்தில் அது சதுக்கத்தைக் கடந்தது, நாடாளுமன்றத்துக்குள் போய் வெளியே வந்தது, மேசையின் முனைவரை நீண்டது.

மூத்தவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தார். ஒதுங்கி வழிவிட்டு, தலை குனிந்து நின்றார். வெகுநேரம் நின்றார். போகிறவர்கள் நிறையப் பேர் போலிருந்தது.

பிறகு ஒருவரையும் பாராமல் பிரெஞ்சில் சொன்னார்:

“கட்டடத்தைத் தள்ளி வையுங்கள்.”

நாடாளுமன்றத்தின் அடியில் பசை இறுகியிருந்தது. சஞ்சீவன் உளியை எடுத்தான்.