கல் உருட்டும் மெஷினுக்குக் காய்ச்சல்

இருட்டிக் கொஞ்ச நேரத்தில் பெனிட்டாவின் வீட்டில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. கற்கள் கதவைத் தட்டும் சத்தம் இல்லை. அது தினமும் கேட்பதுதான். பொழுது சாய்ந்ததும் தாமிரபரணியிலிருந்து கற்கள் கரையேறி, ரோட்டைத் தாண்டி, வாசல்படி ஏறி வந்து, தங்களையும் மெஷினில் போட்டு மினுக்கித் தரும்படி கேட்கும்.

இது வேறு சத்தம். அடுக்களையை ஒட்டிய மேஜையில் மெஷின் டுர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த டுர்ர்ருக்கு நடுவில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் க்ரீச் என்றது. தொட்டிலில் கிடந்த கைக்குழந்தை ஆன்சி ஒரு கண்ணைத் திறந்தாள்.

பெனிட்டா தொட்டிலை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, கேட்டீங்களா?"

அவள் கணவன் செல்வின் தோசையைப் பிய்த்தபடியே காதைக் கொடுத்தான். "பெல்ட்டு வழுக்குது."

"ஆன்சி ஒரு கண்ண முழிச்சிட்டா."

"எந்தக் கண்ணு?"

"இடது."

"இடதுன்னா பரவால்ல. வலதையும் தெறந்தாதான் வம்பு."

மெஷின் என்றால் பெரிய யந்திரம் இல்லை. ஒரு சின்ன மோட்டார், அது பெல்ட் போட்டுச் சுற்றும் இரண்டு கம்பி உருளைகள், அவற்றின் மேல் படுத்தபடி உருளும் ஒரு ரப்பர் டிரம். டிரம்முக்குள் கல்லையும் தண்ணீரையும் சாணைத் தூளையும் போட்டு மூடி, வாரக்கணக்கில் ஓடவிட்டால், எப்பேர்ப்பட்ட முரட்டுக் கல்லும் சப்பிய மிட்டாய் மாதிரி வழவழவென்று வெளியே வரும். ஆன்சி வயிற்றில் இருந்தபோது, பெனிட்டாவுக்குப் பொழுது போகட்டும் என்று செல்வின் வாங்கிக் கொடுத்தது. பிள்ளை உள்ளே இருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்துவிட்டது. தாலாட்டுக்கு மசியாது, ஜெபமாலைக்கும் மசியாது. மெஷின் ஓடினால் தூங்கும், நின்றால் விழிக்கும், விழித்தால் விடியும்வரை கத்தும். ஒருமுறை கரண்ட் போனபோது கத்திய கத்தலில் தெருவில் நின்ற முருங்கை மரங்களெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. இப்போது அங்கேதான் காய்க்கின்றன.

ஆகவே மெஷினுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. பெனிட்டாவின் பயமெல்லாம் அந்த ஒன்றுதான். திருடன், பாம்பு, மாமியார் எல்லாம் அதற்கு அப்புறம். மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தை அவள் ஞானோபதேசம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தாள். டிரம்மில் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. உருளைக் கம்பியின் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் விடலாம், பெல்ட்டில் ஒரு சொட்டும் படக் கூடாது. மோட்டாரைத் துணி போட்டு மூடக் கூடாது. மெத்தென்ற கல்லையும் கெட்டிக் கல்லையும் சேர்த்துப் போடக் கூடாது.

கடைசி விதியில்தான் சங்கடம். எந்தக் கல் கெட்டி என்று அறிய ஆணியால் கீறிப் பார்க்க வேண்டுமாம். வீடு தேடி வந்தவர்களின் முகத்தில் ஆணியால் கீறுவது எப்படி? கான்வென்டில் அப்படி வளர்க்கவில்லை. அதனால் அவள் படித்த பள்ளிக்கூடத்து வழக்கப்படியே செய்தாள். வந்த கற்களை உயர வரிசையில் நிற்கவைத்து, ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ், கிரீன் ஹவுஸ், எல்லோ ஹவுஸ் என்று நிறம் பார்த்துப் பிரித்துவிட்டாள். இந்த முறை ரெட் ஹவுஸ் உருண்டுகொண்டிருந்தது.

க்ரீச் என்றது மறுபடியும்.

பெனிட்டா மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. பிள்ளைக்கு வைக்கும் தெர்மாமீட்டரை எடுத்து அதன் இடுக்கில் வைத்தாள். நூற்று மூன்று காட்டியது.

"நிறுத்தியே ஆகணும்," என்றாள். "இப்படியே ஓடுனா மோட்டார் கருகிரும்."

"நிறுத்துனா இவ முழிச்சிருவாளே."

"அதான் நீங்க இருக்கீங்கல்ல."

செல்வின் புரிந்துகொண்டான். தோசையை விழுங்கிவிட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டுர்ர்ர் என்று தொண்டையால் ஆரம்பித்தான். அந்த நொடியிலேயே பெனிட்டா சுவிட்சை அணைத்தாள். ஆன்சியின் இடது கண் அப்பாவைச் சந்தேகமாகப் பார்த்தது. வலது கண் மூடியே இருந்தது.

டிரம் வழக்கத்தைவிடக் கனத்தது. மூடி பூரி மாதிரி உப்பியிருந்தது. நெம்பியதும் புஸ் என்று காற்று போயிற்று. உள்ளே ஒரே செஞ்சேறு. அதற்குள்ளிருந்து ஒரு ஆற்றுக் கல் தலையை நீட்டியது.

"எக்கா, எங்க போய்ட்டீய? மூச்சு முட்டிச் சாவுதோம். இந்தா நிக்கானே, இவன் கரைஞ்சு கரைஞ்சு எங்க மேலெல்லாம் அப்பிட்டான்."

"யாரு?"

"நாந்தான்," என்றது புளியங்கொட்டை அளவுக்கு இருந்த ஒன்று. வரும்போது அது சோப்புக்கட்டி அளவு இருந்தது. பெனிட்டாவுக்கு நினைவிருந்தது, நல்ல அடக்கமான பேச்சு, பளிச்சென்ற சிவப்பு.

"நீங்க செங்கல்லா?"

"ஒடஞ்ச செங்கல்லு, தாயி. நீங்க கேக்கல, நானும் சொல்லல."

"வெக்கமில்லாம பேசுதான் பாரு," என்றது ஆற்றுக் கல். "ஆத்துல கெடந்தேன், ஆத்துல கெடந்தேன்னான். ஆத்துல கெடந்தா கல்லாயிருவியால? செருப்புந்தான் கெடக்கு."

"ஒரே ஹவுஸ்ல இருந்துக்கிட்டு இப்படியெல்லாம் பேசக் கூடாது," என்றாள் பெனிட்டா. கற்கள் அடங்கின.

சேற்றைத் தொட்டித் துவாரத்தில் ஊற்றினால் குழாய்க்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும் என்பதும் புத்தகத்தில் இருந்தது. அவள் அதைப் பழைய வாளியில் ஊற்றிக் கொல்லையில் வைத்தாள். டிரம்மை அலம்பினாள். கற்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துவட்டி ஒரு துண்டில் படுக்கவைத்தாள். செங்கல்லைத் தனியாக ஒரு ஸ்பூனில் வைத்தாள். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் கட்டிலில், ஃபேனுக்கு நேராக, எதையும் போர்த்தாமல் கிடத்தினாள்.

"பெனி," என்றான் செல்வின், டுர்ருக்கு நடுவில். "தொண்ட போவுதுட்டி."

அவள் வந்து அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு சொட்டு விட்டாள்.

"இன்னொண்ணு விடு."

"ஒண்ணுதான்."

அவன் கொஞ்ச நேரம் நன்றாக ஓடினான். அப்புறம் அவனிடமும் க்ரீச் என்றது. ஆன்சியின் வலது இமை துடித்தது. மெஷின் தேற இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று தெரியவில்லை. தெர்மாமீட்டர் நூற்றிரண்டுக்குத்தான் இறங்கியிருந்தது.

வாசலில் டக், டக் என்று தட்டினார்கள். பெனிட்டா கதவைத் திறந்தாள். வெளியே கற்கள் உயர வரிசையில் நின்றன. சொல்லிக் கொடுத்தபடி முன்னால் சின்னது, பின்னால் பெரியது.

"இன்னைக்கு அட்மிஷன் இல்ல," என்றாள். "மெஷினுக்குக் காய்ச்சல். பிள்ள முழிக்கப் போறா. எல்லாரும் சத்தம் போடாம வீட்டுக்குப் போங்க."

கூழாங்கற்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வரிசையின் கடைசியில், தெருவிளக்கை மறைத்துக்கொண்டு ஒரு குன்று நின்றது. அது தொண்டையைச் செருமியது. மேலே இருந்த இரண்டு ஆடுகள் நகர்ந்து நின்றன.

"தாயி, நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கய்யா."

"எனக்கு அந்த டிரம்முக்குள்ள எடம் பத்தாது. அது தெரிஞ்சுதான் வந்து நிக்கேன், ஒரு ஆசைக்கு. மினுங்காட்டியும் போவுது. உங்க வீட்ட வேணும்னா நான் கொஞ்சம் உருட்டித் தாரேன். பிள்ள தூங்கட்டும்."

பெனிட்டா யோசித்தாள். "மெதுவா உருட்டுவீங்களா?"

"மெதுவாத்தான் எனக்குத் தெரியும்."

"சத்தம்?"

"டுர்ர்ருனு வரும். இதுக்கு முன்னாடி ஒரு கோயில உருட்டியிருக்கேன்."

"ஒரு நிமிஷம் இருங்க. கேஸ மூடிட்டு வந்துர்றேன்."

அவள் சிலிண்டரை மூடினாள். பால் பாத்திரத்தை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாள். செல்வினை ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கட்டிலில் மோட்டாருக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள். வாசலுக்கு வந்து தலையாட்டினாள். குன்று தெற்குச் சுவரில் தோளைக் கொடுத்தது.

வீடு டுர்ர்ர் என்று உருண்டது. தொட்டில் கயிற்றில் தொங்கியதால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. ஆன்சி இடது கண்ணையும் மூடிக்கொண்டாள். தோசைக்கல் சுவரோரமாக நடந்து போயிற்று. பெனிட்டா கூடவே தரையிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து கூரைக்கும் அடிமேல் அடி வைத்து வந்தாள். திறந்து கிடந்த வாசல் கதவுதான் ஒவ்வொரு சுற்றுக்கும் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை முழித்துவிடுவாள்.

அவள் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள் இப்போது கீழே இருந்தது. குனிந்து அதைப் போட்டாள்.