அலமாரியில் குறைந்த ரோல்கள்

விடிகாலை ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் ஜெயபாண்டிக்கு உலகமே கிடையாது. செல்போனை அணைத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக மொட்டைமாடியில் உட்கார்ந்துவிடுவான். ராஜபாளையத்தில் சிறுதொழில்காரர்களுக்கு நடந்த கூட்டத்தில் யாரோ சொல்லிக்கொடுத்தது: ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, ஒரு மணி நேரம், வேறு நினைப்பே கூடாது. மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பேண்டேஜ் துணியை வெட்டி ரோல் சுற்றுகிற பட்டறை அவனுடையது. மெஷின் எங்கே சுணங்குகிறது, எந்த மருந்துக்கடையில் எது சீக்கிரம் தீருகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். பட்டறையும் வளரத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது.

அந்த நேரத்தில் ஈ காக்கா கிட்டே போகக்கூடாது. போன சித்திரையில் ஒருநாள் அவன் பொண்டாட்டி மாரிக்கனி காப்பியோடு ஏறிவந்து, "ஏங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். தலையைத் தூக்காமலே கையை நீட்டி நிறுத்தினான். "பொறவு சொல்லுட்டி." இன்னும் ரெண்டு நாள் வந்து பார்த்தாள். ரெண்டு நாளும் அதே கை. என்ன விஷயம் என்று பொறவு இவனும் கேட்கவில்லை, அவளும் மாடி ஏறவில்லை.

ஆடியில் அவன் ஒன்றைக் கவனித்தான். சாம்பிளுக்கென்று வீட்டு அலமாரியில் அடுக்கியிருந்த ரோல்கள் குறைந்துகொண்டே வந்தன. முதலில் வாரம் ரெண்டு. அப்புறம் நாலு. ஐப்பசியில் தினம் ஒன்று. வேறொருத்தன் என்றால் வீட்டில் சத்தம் போட்டிருப்பான். இவன்தான் மூளைக்காரனாச்சே! தேதி போட்டு நோட்டில் எழுதினான்.

"ரோலெல்லாம் யாருட்டி எடுக்கா?"

"தெருவுல பொம்பளைக கேக்காக. குடுத்தேன்" என்றாள் மாரிக்கனி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் மாடியில் ஒரு மணி நேரமும் அந்தப் பதிலையே சுற்றிச்சுற்றி வந்தான். அடடா! ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கடைக்குமே விற்றுக்கொண்டிருக்கிறோமே, அரிவாள்மனையில் கையை வெட்டிக்கொள்கிறவளுக்கும் இது வேண்டும்தானே? சின்ன ரோல், பஞ்சு, ஒட்டுகிற டேப், எல்லாம் ஒரே பொட்டலத்தில் போட்டுப் பலசரக்குக் கடைகளில் தொங்கவிட்டான். தை பிறப்பதற்குள் வத்திராயிருப்பு, கான்சாபுரம் வரைக்கும் சரக்கு பறந்தது. தொழில்காரர்கள் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள்.

மாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்த மாரிக்கனி அப்படியே சரிந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நர்ஸ் ஜாக்கெட்டைக் கழற்றினால், உள்ளே சுற்றுச்சுற்றாய் அவன் பட்டறைத் துணி. பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சுற்று இடது மார்போடு ஒட்டிக்கிடந்தது. வாடை தாங்காமல் அந்த நர்ஸே ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"கட்டி எப்ப ஒடைஞ்சது? எத்தனை நாளா ஒழுகுது?" என்று கேட்டார் டாக்டர். மாரிக்கனி சேலையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். கட்டிக்கொடுத்த மகளிடம்கூடச் சொல்லக் கூசியவள், அந்நிய ஆம்பளையிடம் எப்படிச் சொல்வாள்? ஆனால் பதில் ஜெயபாண்டிக்குத் தெரியும். வாரம் ரெண்டு, நாலு, தினம் ஒன்று. தேதியோடு எழுதி வைத்திருக்கிறானே, பாவி! தெருவில் ஒருத்தியும் வந்து கேட்கவில்லை. அம்புட்டு ரோலும் இவளுக்கே தேவைப்பட்டிருக்கிறது.

மதுரைக்கும் கொண்டுபோய்க் காட்டினான். மார்பில் புற்று, நுரையீரல்வரை பரவிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை, வலிக்கு மாத்திரை தருகிறோம், வீட்டில் வைத்துக் கட்டு மாற்றுங்கள் என்றார்கள். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்றும் ஒரு டாக்டர் சொன்னார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் வெந்நீரும் துணியுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இருபது வருஷமாக பேண்டேஜ் வெட்டினவனுக்கு அதைக் கட்டத் தெரியவில்லை. புண் பக்கத்தில் கொண்டுபோன துணியைத் திரும்பத் திரும்ப வெந்நீரிலேயே நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தான்.

"என்னைய நாலு வார்த்தை ஏசிரு, மாரி. செருப்பைக் கழத்தி அடி. இப்பிடிச் சும்மா கெடக்காத" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

"ஏசி என்ன ஆகப்போகுது? பயப்படாமத் தொடுங்க" என்று அவன் கையை எடுத்துத் தன் மேல் வைத்துக்கொண்டாள் மாரிக்கனி. "மூணு வருஷமாச்சு, நீங்க என்னையத் தொட்டு."