சங்குக்குக் கிடைத்த பதக்கம்

என் பதக்கம் தங்கை ஆலிவ் வீட்டில், கணப்புக்கு மேலே இருக்கும் பலகையில் கிடக்கிறது. என் அறையில் வைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை. அவளோ வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். எங்கள் சாத்தம் ஊரே என்னை வீரன் என்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

இந்த ஏப்ரலில் இங்கிலாந்துக் கப்பற்படையினரான நாங்கள் ஜெர்மன்காரனின் துறைமுகத்துக்குள் புகுந்து அடித்தோம். ஆலிவின் புருஷன் ஹோரஸ், கப்பற்படைச் சிப்பாய்களில் கார்ப்பரல். ஏழு பேரோடு அலைதடுப்புச் சுவரில் இறங்கினான். திரும்பி வாருங்கள் என்பதற்கு அடையாளம் எங்கள் கப்பல் சங்கு: நீளம், குட்டை, நீளம். ஊத வேண்டியவன் நான்.

"மச்சான், தூங்கிடாத. நீ ஊதாம நான் ஒரு அடி நகர மாட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போனான். கட்டளை என்றால் அவனுக்கு அவ்வளவு பிடிவாதம். கல்யாணத்தன்றே ஒரு மணி நேரம் முன்னால் வந்து சர்ச் வாசலில் விறைப்பாக நின்ற ஆள்.

ஒரு குண்டு சங்கின் ஆவியை நிறுத்தும் அடைப்பை உடைத்துவிட்டது. நேரம் வந்தபோது கயிற்றை இழுத்தேன், விட்டேன். அது நிற்கவே இல்லை. ஒரே ஊளை. பக்கத்தில் இரண்டு பேர் செத்து விழுந்தார்கள். நான் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தேன். பலர் அந்த ஊளையையே அழைப்பு என்று எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஹோரஸின் கூட்டத்தில் ஒருவனும் வரவில்லை. கப்பல் கிளம்பிவிட்டது.

இருப்பது ஒரே பதக்கம் என்றால், சண்டைக்குப் போனவர்களே ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வழக்கம். சீட்டுக்குச் சீட்டு ரூபன் என்று என் பெயர். வேண்டாம் என்று அதிகாரியிடம் போய் நின்றேன்.

"உன் கூட்டாளிங்க குடுத்தது. ராஜாவே கையெழுத்துப் போட்டாச்சு. வேணாம்னு சொல்ல நீ யாருய்யா?" என்றார்.

அதன்பின் மூன்று மாதமாக நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். நான் ஊதுவதற்கு முன்பே ஹோரஸும் அவன் ஆட்களும் செத்திருக்க வேண்டும். தங்கை புருஷனுக்காக இப்படி வேண்டியவன் நான். வெட்கமாக இருக்கிறது.

நேற்று மதியம் நான் ஆலிவ் வீட்டில் இருந்தபோது, வாசலிலிருந்து ஒரு கடிதத்தோடு ஓடி வந்தாள். "அண்ணே! உசிரோட இருக்காருண்ணே! ஜெர்மன்காரன் சிறையில இருக்காரு!" அழுகையும் சிரிப்புமாக என் எதிரே உட்கார்ந்து உரக்கப் படித்தாள்.

"ஒரு கால் போயிடுச்சு. பசங்கள்ல ரெண்டு பேருதான் மிச்சம். ஏதோ ஒரு சங்கு ரொம்ப நேரமா ஊளையிட்டுச்சு. ஓடிடலாம் கார்ப்பரல்னு பசங்க கெஞ்சினாங்க. இது நம்மது இல்ல, ரூபன் ஊதினா சரியா ஊதுவான், இருங்கடான்னு நாந்தான் புடிச்சு வெச்சேன். கடைசி வரைக்கும் நம்ம சங்கு கேக்கவே இல்ல. ரூபன் செத்துட்டான்னு நெனச்சு அழுதேன்..."

ஆலிவின் குரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றுபோனது. அடுப்பில் உருளைக்கிழங்கு பொங்கி வழிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அந்த ஊளை நீதானா, அண்ணே?"

"அடைப்பு ஒடஞ்சிடுச்சு, ஆலிவ். நான் என்ன பண்ணுவேன்?"

அவள் பதக்கத்தைப் பார்த்தாள். "அப்ப உனக்கு ஓட்டுப் போட்டது யாரு?"

"திரும்பி வந்தவங்க."

அவள் பேனாவையும் காகிதத்தையும் என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். 'அன்புள்ள மச்சான், நான் சாகவில்லை' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.