மஸ்கட்டின் வெயில்

பென்னாகரத்தில் ஜான் பீ கண் விழித்ததும் முதலில் பார்ப்பது போனில் இருக்கும் வானிலை ஆப்பைத்தான். மஸ்கட்டுக்குக் கொத்து வேலைக்குப் போகுமுன் மகன் அல்தாப் போட்டுக் கொடுத்தது. அங்கே வெயில் நாற்பதைத் தாண்டினால் உடனே அவனைக் கூப்பிட்டு, "தலைக்குத் துண்டு கட்டுனியாடா?" என்று நச்சரிப்பாள்.

போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து அவன் செத்துப்போனான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"போனு ரொம்பிப் போச்சும்மா. பஸ்ஸு ஆப் ஏத்தணும், இந்த வெயில் ஆப்ப எடுத்துடறேன். நம்மூரு மழ வாசல்ல நின்னாலே தெரியுது," என்றாள் மகள் ஷாஹீன்.

ஜான் பீ போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வேற எத வேணா எடுத்துக்கடி, இத வுட்டுடு. இன்னிக்கு அங்க மழ பேயுது பாரு. புள்ளைக்கு மண்ணு குளுந்திருக்கும்."

ஷாஹீன் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும் ஆப்பை அழித்தாள்.