முன்னால் வந்துவிட்ட மதியக் கோர்ட்

கட்டடம் ஒன்றுதான். காலையில் அது ஒரு கோர்ட், மதியம் இன்னொரு கோர்ட். காலையில் ஊர்க்காரர்களை விசாரிக்கும், சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்களை. கடல் தாண்டி வந்து ஊரை ஆண்டவர்கள் மற்ற நாடுகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். உங்கள் ஆள் இங்கே தப்பு செய்தால் ஊர்க் கோர்ட் அவனைத் தொடாது, தனிக் கோர்ட் வைத்து விசாரிப்போம் என்று. ஆனால் இரண்டு மாஜிஸ்திரேட்டுக்குச் சம்பளம் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஒரே மாஜிஸ்திரேட். காலையில் கறுப்புக் கோட்டு, மர நாற்காலி. மதியம் தலையில் வெள்ளைப் பொய்முடி, சிவப்பு மெத்தை வைத்த நாற்காலி. கோட்டை மாட்டிவிடுவது, பொய்முடியைத் தூசி தட்டுவது, நாற்காலியை மாற்றுவது, எந்தக் கோர்ட் கூடுகிறது என்று வாசலில் நின்று கத்துவது எல்லாம் டவாலியின் வேலை. அவர் கத்தினால் கோர்ட் கூடிவிட்டது என்று அர்த்தம். கூடிய கோர்ட் கையிலிருக்கும் வழக்கை முடிக்காமல் கலையக்கூடாது. அது சட்டம்.

மாஜிஸ்திரேட் சட்டத்தில் படு கறார். ஒரு கோர்ட்டில் கேட்டது இன்னொரு கோர்ட்டுக்குத் தெரியாது என்பார். காலையில் வறுத்தெடுத்த போலீஸ்காரரை மதியம் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டவர் அவர்.

இந்தக் கோர்ட்டில்தான் டவாலியின் மச்சினன், அவர் மனைவியின் தம்பி, வந்து மாட்டினான்.

மச்சினன் தையற்காரன். துறைமுகத்துக்கு வந்த கப்பலில் கரி அள்ளிப்போடும் வெளிநாட்டுக்காரன் ஒருவனுக்குக் கால்சட்டை தைத்தான். கடையிலேயே போட்டுப் பார்த்த கரிக்காரன் குனிந்தான். பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. தையற்காரன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சிரித்துத் தொலைத்தான். கரிக்காரன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தெருப்பக்கம் வீசினான். எதிரே போலீஸ் ஸ்டேஷன். பெட்டி ஜன்னலை உடைத்துக்கொண்டு போய் இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் உட்கார்ந்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டு பேர்மேலும் வழக்குப் போட்டார். கடையில் வேறு ஆள் கிடையாது. பெட்டி தையற்காரனுடையது, வந்ததும் அவன் கடையிலிருந்து. அவருக்கு அது போதும். கரிக்காரன், "நான்தான் எறிந்தேன்" என்று மொழிபெயர்க்கும் துபாஷி மூலமாகப் பார்த்தவரிடமெல்லாம் சொன்னான். பெருமையாகவே சொன்னான். ஆனால் வெளிநாட்டுக்காரனின் பேச்சு ஊர்க் கோர்ட்டில் செல்லாது. சாட்சிக் கூண்டில்கூட அவன் ஏற முடியாது. மதியம் அவன் வாயைத் திறப்பதற்குள் காலையில் தையற்காரனுக்கு மூன்று மாதம் விழுந்துவிடும்.

அடுத்த வாரம் தையற்காரனுக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா ஜெயில் வார்டர்.

"என் தம்பி உள்ள போனா சம்பந்தியே பூட்டு போடுவாரு" என்றாள் டவாலியின் மனைவி. "அந்தக் கண்காட்சியைப் பாக்கவா நீங்க கோர்ட்டுல நிக்கறீங்க?"

"நான் டவாலிடி. ஜட்ஜ் இல்ல."

"ஜட்ஜுக்குக் கோட்டு மாட்டறது யாரு? காதுக்குப் பக்கத்துலதான நிக்கறீங்க, ஒரு வார்த்தை போட்டா வாய் தேஞ்சிடுமா?"

போட்டுப் பார்த்தார். "ஐயா, அந்த வெளிநாட்டுக்காரன் கேஸை முன்னாடி எடுத்துக்கலாமா?"

மாஜிஸ்திரேட் நிமிரவே இல்லை. "காலை முன்னாடி வரும், மதியம் பின்னாடி வரும். மாத்தணும்னா சூரியன்கிட்ட மனு குடு."

விசாரணை நாளன்று கோர்ட்டில் இடமில்லை. டவாலியின் மனைவி முதல் பெஞ்சில் உட்கார்ந்து புருஷனை முறைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் வார்டர். தையற்காரன் கூண்டிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டான்.

"மாமா, எங்க மாமனாரு என் கையையே பாக்கறாரு. அளவெடுக்கறது மோதிரத்துக்கா விலங்குக்கான்னு தெரியல."

"வாயை மூடு. சிரிச்சுத்தான இங்க வந்து நிக்கற."

டவாலி உள்ளே போனார். மதியம் கரிக்காரன் என்ன சொல்வான், அதற்குள் மச்சினன் எங்கே இருப்பான் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. மனம் மதியத்தில் இருந்தது. கை, மனம் போன பக்கம் போனது. சிவப்பு மெத்தை நாற்காலியை இழுத்துப் போட்டார். பொய்முடியைத் தட்டி எடுத்தார். மாஜிஸ்திரேட் வழக்குக் கட்டைப் படித்துக்கொண்டே வந்தார். டவாலி எதை நீட்டினாலும் போட்டுக்கொள்வது அவருக்குப் பல வருஷப் பழக்கம். தலையைக் கொடுத்தார், உட்கார்ந்தார். டவாலி வாசலுக்குப் போய்த் திரும்பினார். வெள்ளை முடி தெரிந்தது. தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"வெளிநாட்டார் கோர்ட் கூடுது."

சத்தம் அடங்கிய பிறகுதான் ஜன்னலில் காலை வெயில் அடிப்பது அவர் கண்ணில் பட்டது. மாஜிஸ்திரேட் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "ஐயா, இது காலை."

"காலைன்னு எனக்கும் தெரியுது. ஆனா கூடியிருக்கறது மதியக் கோர்ட்டு. கூடினது கலையாது." டவாலியை ஒரு பார்வை பார்த்தார். "வெளிநாட்டுக்காரனைக் கூப்பிடு."

கரிக்காரன் வந்தான். துபாஷி மூலம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். குனிந்தது, கிழிந்தது, எறிந்தது. தையற்காரன் பெட்டியைத் தொடவே இல்லை, சிரிப்பதற்கே அவனுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது என்றான். மாஜிஸ்திரேட் தீர்ப்பு எழுதினார். எறிந்தது இவன் ஒருவனே. உடைத்த ஜன்னலுக்கு இவனே கண்ணாடி பொருத்த வேண்டும், அதுவரை கப்பல் ஏறக்கூடாது. எழுதி முத்திரை குத்தியதும் சாப்பிடப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கறுப்புக் கோட்டு, மர நாற்காலி. இன்ஸ்பெக்டர் இஸ்திரிப் பெட்டியை மேஜையில் டொம்மென்று வைத்து ஆரம்பித்தார். முடிக்கும்வரை மாஜிஸ்திரேட் புதுசாகக் கேட்பதுபோல் கேட்டார். பிறகு தையற்காரனிடம், "நீ என்ன சொல்ற?" என்றார்.

தையற்காரன் தீர்ப்பின் நகலை நீட்டினான்.

"என்ன இது?"

"வெளிநாட்டார் கோர்ட்டுத் தீர்ப்புங்க ஐயா."

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் கையெழுத்தைத் தானே உற்றுப் பார்த்தார். "அந்தக் கோர்ட்டுல என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. ஆனா முத்திரை போட்ட தீர்ப்பை மதிக்காம இருக்க முடியாது." இன்னொரு தடவை படித்தார். "இந்த மாஜிஸ்திரேட்டு யாரோ, விஷயம் தெரிஞ்ச ஆளு. நல்லாவே எழுதியிருக்காரு. உன்மேல குத்தம் இல்ல, போ."

வார்டர் முதல் ஆளாகக் கை தட்டி, பிறகு இடம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் கோட்டைக் கழற்றும்போது டவாலி மென்று விழுங்கினார். "ஐயா, காலையில ஒரு தப்பு நடந்துபோச்சு."

"எந்தக் கோர்ட்டுல?"

"வெளிநாட்டார் கோர்ட்டுல."

"அப்போ என்கிட்ட ஏன் சொல்ற? கையைப் பிடிச்சு இழு, கோட்டு மாட்டிக்குச்சு."

வீட்டுக்குப் போகிற வழியில் டவாலி ஸ்டேஷன் முன்னால் நின்றார். கரிக்காரன் ஸ்டூல்மேல் ஏறி ஜன்னல் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான் தையற்காரன், கழுத்தில் அளவு நாடாவோடு.

"டேய் மாப்ள, இன்னுமா உனக்குப் புத்தி வரல?"

"வந்துடுச்சு மாமா" என்றான் தையற்காரன். கரிக்காரனின் முதுகில் கை வைத்து நன்றாகக் குனியச் சொல்லி, அப்புறம்தான் அளவெடுத்தான்.