கோட்டையடியில் பெண் பார்த்தது

தஸ்தகீர் தன் மகளுக்குக் கோட்டை காட்டக் கார் பேசியிருக்கிறார் என்று தெரிந்ததும் தெருவில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவர் தகரப்பெட்டி செய்து விற்கிறவர். தருமபுரியிலேயே பிறந்து, தாடி நரைத்த பிறகும் நாலைந்து மைலில் இருக்கிற அதியமான்கோட்டையை எட்டிப் பார்க்காத மனிதர். அவருக்குத் திடீரென்று சரித்திரத்தின் மேல் ஆசை வந்துவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? யாரும் நம்பவில்லை. ஆனால் உண்மைக் காரணமும் யாருக்கும் தெரியவில்லை. தஸ்தகீருக்கு அது போதும்.

காரணம் அம்பாசிடர் காரின் பின் சீட்டில், தாய் குல்ஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஜுபைதாவுக்கு வயது இருபத்தேழு. குழந்தையில் வந்த காய்ச்சல் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. நடந்தால் உடம்பு இடுப்போடு ஒரு பக்கம் சாய்ந்து எழும். உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே தெரியாது. பெண் பார்க்க வந்தவர்கள் வாசற்படியில் அவள் முகத்தைப் பார்த்து மலர்ந்து போவார்கள். அவள் டீத் தட்டோடு நாலு எட்டு நடந்து வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் தெருவே நின்று அதை வேடிக்கை பார்க்கும்.

அதனால்தான் கோட்டை. எங்காவது வெளியிடத்தில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி பெண் பார்த்துக்கொள்வது தஸ்தகீரின் ஜனங்களுக்குள் உண்டு. பிடிக்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் கௌரவம் கெடாமல் கலைந்து போகலாம். பிடித்துவிட்டால் மாப்பிள்ளையின் தாய் அந்த இடத்திலேயே ஒரு சிட்டிகை சர்க்கரை எடுத்துப் பெண்ணின் வாயில் போடுவாள். சர்க்கரை நாக்கில் பட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் யாரும் பின்வாங்கக் கூடாது.

தஸ்தகீர் போட்ட கணக்கு இது. காலையில் அதியமான்கோட்டை, மத்தியானம் ராயக்கோட்டை. இவை இரண்டும் சும்மா, ஊருக்குச் சொல்ல. சாயங்காலம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் அடிவாரத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். அதற்கு முன்பே ஜுபைதாவை அங்கிருக்கும் கல் மண்டபத்தில் உட்கார வைத்து, புர்காவைப் பாதம் மூட இழுத்து விட்டுவிட வேண்டும். அவர்கள் பார்த்து, சர்க்கரை போட்டு, கிளம்புகிற வரைக்கும் அவள் அசையக் கூடாது.

"நிக்காஹ் ஆயிட்டா அப்பறம் அவங்களே அனுசரிச்சுக்குவாங்க" என்று முந்தின நாள் குல்ஷனிடம் சொன்னார். ஜுபைதா அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அனுசரிக்கிற லட்சணம் அவளுக்குத் தெரியும். அத்தா தஸ்தகீரின் சொந்தத் தங்கைக்கு வலிப்பு இருந்ததை மறைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் புருஷன் வீட்டார் அவளை மாட்டு வண்டியில் கொண்டுவந்து, வாசலில் இறக்கி, ஏமாற்றுக்காரக் குடும்பம் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி ஏசிவிட்டுப் போனார்கள். அந்த அம்மாள் அதன் பிறகு பின்கட்டு அறையை விட்டு வெளியே வராமலேயே செத்துப்போனாள். கல்யாணம் ஆகாமல் இருப்பதை ஜுபைதா சகித்துக்கொள்வாள். அப்படித் திரும்பி வருவதை மட்டும் அவளால் சகிக்க முடியாது. சர்க்கரை வாயில் படுவதற்கு முன்னால் அவர்கள் கண்ணெதிரே நடந்து காட்டிவிட வேண்டும். அதற்கு மேல் வேண்டாம் என்று போனால் போகட்டும்.

இதை அவள் அத்தாவிடம் சொல்லாமலும் இல்லை. "நான் உசுரோட இருக்கறதா வேணாமா, அத மட்டும் சொல்லு" என்று அவர் கேட்டார். அதற்கு எந்த மகள் பதில் சொல்வாள்?

காரை ஓட்டியவன் பச்சியப்பன். சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரிகளும் ஒகேனக்கல் அருவிக்கு வந்தவர்களும் இங்கே வேறென்ன பார்க்க இருக்கிறது என்று கேட்கக் கேட்க, அவன் கார் ஓட்டுவதோடு கோட்டைக் கதை சொல்வதையும் தொழிலாகச் சேர்த்துக்கொண்டான். அவனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. நடுவில் யாராவது குறுக்கே பேசினால் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். கலெக்டராக இருந்தாலும் சரிதான்.

அதியமான்கோட்டையில் இறங்கினதும் மண்மேடாகக் கிடந்த கோட்டைச் சுவரைக் காட்டி ஆரம்பித்தான். ஜுபைதா கார்க் கதவில் கை வைத்தாள். தஸ்தகீர் வெளியிலிருந்து அதைச் சாத்தினார்.

"பாப்பாவுக்குத் தலைவலிங்க. கார்லயே இருக்கட்டும்."

"அப்ப நான் அங்க வந்தே சொல்லிடறனுங்க" என்று பச்சியப்பன் ஜன்னலோரம் வந்து நின்றான். பேசிய கூலிக்குக் கதை குறையக் கூடாது அவனுக்கு. தஸ்தகீர் குறுக்கே பேசியதால் கதை முதலிலிருந்து வந்தது. அரசனும் அகழியும் படையெடுப்பும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழ, ஜுபைதா மடியில் இருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூட அவள் காதில் ஏறவில்லை. சாயங்காலத்துக்குள் என்ன செய்வது என்பதே மண்டைக்குள் ஓடியது.

ராயக்கோட்டையில் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. மத்தியானத் தொழுகைக்காக அத்தாவும் அம்மாவும் சற்றுத் தள்ளி மர நிழலில் துண்டை விரித்தார்கள். ஜுபைதா சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கினாள். பச்சியப்பன் பீடியைக் கீழே போட்டான். அதுவரை அவள் நடந்து அவன் பார்த்ததில்லை. அதிகாலையில் அவனைத் தெருமுனையில் நிற்கச் சொல்லிவிட்டு, அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஏற்றியிருந்தார்கள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

"அடடா, நீங்க ஏம்மா எறங்குனீங்க? இருங்க, வண்டிய அங்க கொண்டாறன்" என்று பதறி ஓடிவந்தான். நல்ல மனுஷன்தான். அன்றைக்கு அவளுக்கு அந்த நல்ல மனசே எதிரியாக இருந்தது.

"அண்ணே, வண்டி வேணாம். எனக்கு ஒரு ஒத்தாச பண்ணுங்க" என்றாள் ஜுபைதா. தொழுகை முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். மூச்சு வாங்கியது. "கிருஷ்ணகிரில என்னப் பாக்க வர்றாங்க. அவங்க இருக்கறப்ப, இந்தக் கல்ல வந்து பாரும்மா, அந்தப் பீரங்கிய வந்து பாரும்மான்னு எதையாச்சும் சொல்லி என்னக் கூப்புடுங்க. நான் எந்திரிச்சு வருவன். அது போதும்."

பச்சியப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் காலைப் பார்த்தான், மர நிழலில் குனிந்திருந்த தஸ்தகீரின் முதுகைப் பார்த்தான்.

"அய்யா என்னத் தப்பா நெனைப்பாருங்களே."

"என்ன ஏமாத்துக்காரின்னு ஊரே சொல்லுங்கண்ணே. நீங்க கூப்புடலீன்னா எனக்கு வேற வழியில்ல."

"சரிங்கம்மா" என்றான். அந்தச் சரியில் உறுதி இல்லை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் கிருஷ்ணகிரி வரைக்கும் போனாள். பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

கிருஷ்ணகிரி மலை அடிவாரத்தில் வெயில் தணிந்திருந்தது. தஸ்தகீர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. மண்டபத்தை ஒட்டி காரை நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் தாங்கி, அவளைக் கல் மேடையில் உட்கார வைத்தார்கள். குல்ஷன் புர்காவை இழுத்து விட்டாள். "அம்மாவ மன்னிச்சுரு கண்ணு" என்று காதோரம் சொன்னாள். பச்சியப்பன் தூரத்தில் நின்று, யாரும் சண்டையிட்டு ஏறிப் பிடிக்க முடியாத கோட்டை இது என்று மலை உச்சியைக் காட்டி மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். கேட்பார் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை அப்துல் ரஷீதுக்கு அந்த ஊரிலேயே புளி மண்டி. நாற்பதை நெருங்கியிருப்பான். பெண்ணை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தங்கள் வண்டி பக்கமே நின்றுகொண்டான். அவன் தாய் வஹிதா நேராக மண்டபத்துக்கு வந்து, சலாம் சொல்லி, ஜுபைதாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். முகத்திரையை விலக்கிப் பார்த்தாள். தாடையைத் தொட்டு நிமிர்த்தினாள்.

"அழகா இருக்கா. எனக்குப் புடிச்சிருக்குதுங்க" என்று தஸ்தகீரிடம் சொல்லிவிட்டு இடுப்புப் பையில் கை விட்டாள். காகிதப் பொட்டலம் வெளியே வந்தது.

ஜுபைதா பச்சியப்பனைத் தேடினாள். அவன் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் தூசி ஒன்றும் இல்லை. அவன் திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்துபோனது. பொட்டலத்தின் நூல் அவிழ்ந்தது.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காரும்மா" என்றார் தஸ்தகீர். "ஜுபைதா, உக்காரு."

அவள் மண்டபத்தின் படியிறங்கி, எதிரே கோட்டை விவரம் எழுதி நட்டிருந்த பலகை வரைக்கும் நடந்தாள். சாய்ந்து, எழும்பி, சாய்ந்து, எழும்பி. மறைக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. முதுகுக்குப் பின்னால் அம்மா விம்முவது கேட்டது. திரும்பி அதே மாதிரி நடந்து வந்து வஹிதாவின் முன்னால் நின்றாள்.

"இதாங்க மாமி நானு. பாத்துக்குங்க."

வஹிதா எழுந்து போகவில்லை. முகமும் மாறவில்லை.

"உக்காரும்மா, எதுக்கு இந்தச் செரமம்? கால் சமாச்சாரம் தரகர் மொதல்லயே சொல்லிட்டாரு. தெரிஞ்சுதான் வந்தோம்."

ஜுபைதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தெரிந்தே வந்திருக்கிறார்கள். தெரிந்தே பிடித்திருக்கிறது என்கிறார்கள். இத்தனை வருடமாக அவள் கேட்டது இவ்வளவுதானே. தஸ்தகீர் இரண்டு கையையும் ஏந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். மேடையில் உட்கார்ந்தபோது ஜுபைதாவின் உடம்பெல்லாம் லேசாகிப் போயிருந்தது. சந்தோஷம் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தாள்.

வஹிதா சர்க்கரையை விரலில் எடுத்துக்கொண்டே, சொந்தக்காரியிடம் மனசு விட்டுப் பேசுகிற தோரணையில் தொடர்ந்தாள்.

"மொதல்ல ரெண்டு பேரு, காலு கையி நல்லா இருந்தவளுகளத்தான் கட்டி வெச்சோம். ரெண்டும் சொல்லாம கொள்ளாம ஓடிருச்சு. எம்மவன் தங்கமான புள்ள, கோவம் வந்தா கொஞ்சம் கை நீட்டுவான். அத்தோட செரி. அதுக்குப் போயி வூட்ட வுட்டு ஓடுவாங்களா? அதான் இந்தத் தடவ ஓட முடியாத பொண்ணாப் பாருங்கன்னு தரகர்கிட்டச் சொன்னன். நீ வூட்டோட இருப்ப. ஒனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. வாயத் தொற."

ஜுபைதா அத்தாவைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவருடைய ஏந்திய கை இன்னும் இறங்கவில்லை.

"கோவம் எந்த ஆம்பளைக்கு இல்லைங்க" என்றார் யாரிடமோ. பிறகு மகளிடம், "வாங்கிக்கம்மா" என்றார். உத்தரவு போடுகிற குரல் இல்லை அது. பிச்சை கேட்கிற குரல்.

விரல் உதட்டருகே வந்து நின்றது. ஜுபைதா அதைக் கையால் விலக்கினாள்.

"அவங்க ரெண்டு பேரும் எப்பிடிப் போனாங்க மாமி?"

"எப்பிடிப் போவாளுக? கார் வெச்சுட்டா போவாளுக? நடந்துதான்."

"அப்ப நானும் நடப்பனுங்க. பஸ் ஸ்டாண்டு போயிச் சேர கொஞ்சம் லேட்டாவும். வேற ஒண்ணும் இல்ல."

வஹிதாவுக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சர்க்கரையைப் பொட்டலத்திலேயே தட்டிவிட்டு, காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள். "தரகர் வாயப் பத்திச் சொல்லலியே" என்று மட்டும் சொன்னாள். அவர்களுடைய வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

தஸ்தகீர் மண்டபத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே யாரும்மா வருவாங்க? நானும் உங்கம்மாவும் போயிட்டா ஒன்ன யாரு பாத்துக்குவா?" என்று கேட்டுவிட்டு, பச்சியப்பன் பார்க்கிறானே என்றுகூட இல்லாமல், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். குல்ஷன் தூணில் சாய்ந்து நின்றாள்.

அத்தா கேட்டது நியாயமான கேள்வி. இனி யாரும் வரப்போவதில்லை என்று ஜுபைதாவுக்கும் தெரியும். அவளுக்கும் பயமாக இருந்தது. ஜெயித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

"தெரியல அத்தா" என்றாள்.

பிறகு தஸ்தகீர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளைப் பார்த்து, தன்னைத் தூக்கிவிடும்படி கையை நீட்டினார். அவள் படியிறங்கி, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவரை இழுத்து நிறுத்தினாள்.